தடுப்பு இல்லாத வண்டி

மார்ச் 4

மச்சான்,

உனக்குப் போன் செய்யக் கூடாது, உன் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று ஸ்டேஷனில் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கடிதம் போடக் கூடாது என்று சேர்க்க மறந்துவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன். உன் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம், ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாதாம். உன் அக்காவைக் கட்டிய நாளிலிருந்து பதினெட்டு வருஷமாக உன் பேச்சைக் கேட்டவன் நான். என் காதுக்கும் கொஞ்சம் லீவு வேண்டாமா?

சுற்றி வளைக்கவில்லை. அடித்தது நான்தான். வீல் ஸ்பானரால்தான் அடித்தேன். ஆனால் முதலில் கை நீட்டியது யார்? வண்டி விற்கிற இடத்தில், அந்த டை கட்டினவன் முன்னால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேர் முன்னால், என் கன்னத்தில் அறைந்தாயே. கடைக்கு முதலாளி நான். வயதில் உனக்குப் பத்து வருஷம் மூத்தவன். அறை வாங்கிக்கொண்டு, "சரிப்பா, வெள்ளை வண்டியே எடுப்போம்" என்று சொல்வேன் என்று நினைத்தாயா?

வண்டி விஷயத்தில் நான் சொன்னதில் என்ன தப்பு? இரண்டும் டீசல். இரண்டும் ஒன்றரை டன் இழுக்கும். வெள்ளையில் ஓட்டுபவருக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு. எட்டடிக்கு மேல் ஒரு விரல்கூட உள்ளே போகாது. நீலத்தில் தடுப்பு இல்லை, பின்பக்கம் கேபினோடு ஒன்றாகத் திறந்து கிடக்கிறது. கடை முகப்புக்குப் போடுகிற ஒன்பதடிக் கண்ணாடியை அதில்தான் ஏற்ற முடியும், நுனி மட்டும் பக்கத்து சீட்டின் தோள்வரை வந்து நிற்கும். நாம் விற்பதில் பாதி ஒன்பதடி. பழைய வண்டி துருப்பிடித்து உட்கார்ந்த பிறகு எத்தனை ஆர்டர் திரும்பிப் போனது என்று உனக்கே தெரியும்.

நீல வண்டியை எடுத்துவிட்டேன். நேற்று காலையில் வந்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

உன் அக்காவை வீட்டுக்கு அனுப்பு. தம்பி கஞ்சி குடிக்கிறானா என்று பார்க்க அங்கே ஓடி வந்தவள் ஐந்து நாளாகப் போனை எடுக்கவில்லை.

மாமா

*

மார்ச் 9

மாமா,

குழாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கிறேன். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. மூன்று பல் போய்விட்டது. ஒன்றை நானே விழுங்கிவிட்டேனாம், எக்ஸ்ரேயில் தெரிந்தது. டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வாய் இல்லை.

நான் ஏன் அறைந்தேன் என்பதை மட்டும் உங்கள் கடிதத்தில் காணவில்லை. அதை நான் எழுதுகிறேன். டை கட்டினவர் என்னிடம், "ஏன் சார் வெள்ளையே வேணுங்கறீங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் நீங்கள் சொன்னீர்கள்: "அவனுக்குப் பயம். ஒரு நாயக் காப்பாத்த பிரேக்க மிதிச்சு ஒட்டகத்தக் கொன்னவன் இவன்."

பெஞ்சில் இருந்தவர்கள் என் காலைப் பார்த்தார்கள்.

நம் ஒட்டகத்தைப் பற்றி யாரோ ஒரு வியாபாரியிடம் அப்படிச் சொன்னீர்கள். ஆறரை அடி உயரம், குனிந்தே நடப்பார், அதனால் ஒட்டகம். பதினோரு வருஷம் நம் கண்ணாடியை இறக்கியவர். அவர் கை பட்டு ஒரு கண்ணாடி உடைந்ததில்லை. அவர் செத்தது என் பக்கத்தில். நான் பிரேக் போட்டதால். இதை நீங்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? இரண்டு வருஷமாக வண்டியில் ஏறும்போதெல்லாம் என் வலது காலைத்தான் குனிந்து பார்க்கிறேன். அவர் மனைவி நடுத்தெருவில் என் முகத்தில் துப்பினாள். நான் துடைக்கக்கூட இல்லை.

அதனால்தான் தடுப்பு கேட்டேன். ஓட்டுகிறவன் நான். என் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா? ஒன்பதடியை வெள்ளை வண்டியின் வெளிப்பக்கத்தில் சட்டம் அடித்து நிறுத்திக் கொண்டுபோகலாம் என்றும் சொன்னேன். "மழை, தூசி, எவனாவது உரசிட்டுப் போவான்" என்றீர்கள். கண்ணாடியை உரசினால் கண்ணாடி உடையும். அவ்வளவுதானே?

புகாரை வாபஸ் வாங்க மாட்டேன். அக்கா வருவதும் வராததும் அவள் இஷ்டம். நீல வண்டியை நான் தொடமாட்டேன். வேறு டிரைவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

மார்ச் 14

மச்சான்,

உன் அக்கா வந்துவிட்டாள். உன் வீட்டில் அவளுக்கு எத்தனை நாள் பொழுது போகும்? வந்ததும் வராததுமாகச் சமையலறையில் இருந்த இரும்புக் கரண்டியை எடுத்து என் தோளில் போட்டாள். "என் தம்பி வாயில போட்டதுக்கு" என்றாள். தோள் இன்னும் கறுத்துக் கிடக்கிறது. வாங்கிக்கொண்டேன். அதோடு எங்களுக்குள் கணக்குத் தீர்ந்தது. உனக்கும் எனக்கும் தீரவில்லை.

வேறு டிரைவர் எதற்கு? நானே ஓட்டுகிறேன். லோடு இறக்குகிற ஆள் யாரும் நம் கடைக்கு வரமாட்டேன் என்கிறான். "அந்தக் கடையில ஸ்பானரால அடிப்பாங்க" என்று ஊரெல்லாம் பேச்சு, உன் புண்ணியம். உன் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஆள் இல்லன்னா நான் வர்றேன், எனக்குக் கை இல்லையா?" என்றாள். மூன்று நாளாக என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறாள். ஒரு முனையை அவள் பிடிக்கிறாள், ஒரு முனையை நான். நேற்று மட்டும் பதினான்கு கண்ணாடி. உன் மாதிரி எந்தத் தெருமுனையிலும் அவள் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

வண்டி பஞ்சு மாதிரி ஓடுகிறது. ஒன்பதடிக் கண்ணாடி நாலு ஏற்றினேன், அசையவில்லை. உன் அக்காவும் உன்னை மாதிரியே ஆரம்பித்தாள்: "ஓரத்துல நிக்கிற கண்ணாடிக்குக் கயிறே இல்லையே?" நான் சொன்னேன், முதலில் இறங்குகிற கண்ணாடிக்கு நான் என்றைக்கும் கயிறு போடுவதில்லை. ஏற்றி முடித்த பத்தாவது நிமிஷம் அவிழ்க்கப் போகிற கயிற்றை எதற்குக் கட்டுவது? மற்றதெல்லாம் கட்டித்தான் இருக்கிறது. தொழில் தெரிந்தவனுக்கு எதைக் கட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரியும்.

புகாரை வாபஸ் வாங்கு. இல்லையென்றால் மிச்சமிருக்கும் பல்லை எண்ணி வைத்துக்கொள்.

மாமா

*

மார்ச் 17

அந்தச் சீட்டில் அக்காவை உட்கார வைக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கத்தினேன். வாய் திறக்காமல் கத்தினால் சத்தம் மூக்கு வழியாக வரும். கம்பி ஈறைக் கிழித்து ரத்தம். அதைத் துப்பவும் முடியாது.

உங்களுக்கு நான் ஒருபோதும் சொல்லாததைச் சொல்கிறேன். நீங்கள் அன்று கடையில் இருந்தீர்கள், நான் வண்டியில் இருந்தேன். நாய் குறுக்கே வந்தது. வேகம் முப்பத்தைந்து. பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து பலகையை இழுப்பது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். ஒட்டகத்தின் சீட்டுக்குப் பின்னாலிருந்து வந்த கண்ணாடி அவருக்கு முன்னால் டேஷ்போர்டில் குத்தி நின்றது. நடுவில் அவர். கண்ணாடி அப்போதும் உடையவில்லை. அதன் வழியாக அவர் சட்டைப் பொத்தான் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நாய் தப்பிச்சுதா?" என்று கேட்டார். பிறகுதான் உடைந்தது.

அது கயிறு கட்டிய கண்ணாடி. கட்டிய கயிறே அறுந்து வந்தது. அந்தக் கயிற்றைத்தானே கடையில் ஆணியடித்து மாட்டி, "பிரேக்குல கால வைக்கிறதுக்கு முன்னாடி இதப் பாத்துட்டுப் போ" என்று சொன்னீர்கள்? நீங்கள் இப்போது கயிறே கட்டாமல் ஓட்டுகிறீர்கள். அக்காவை உட்கார வைத்து. இது எப்போது வந்த பழக்கம்? நம் கடையில் ஏற்றுவது நீங்கள், ஓட்டுவது நான், இறக்குவது ஒட்டகம். "ஸ்டியரிங்க விட்டு இறங்காத" என்பது உங்கள் சட்டம். பின்கதவைத் திறந்து நான் பார்த்ததே இல்லை.

அவளை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் நான் வருவேன். வந்தால் சும்மா போகமாட்டேன்.

*

மார்ச் 21

அடேய் திருட்டுப் பயலே,

பட்டப்பகலில், நானும் உன் அக்காவும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, என் ஷெட் பூட்டைக் கடப்பாரையால் பெயர்த்திருக்கிறாய். முன்கண்ணாடியில் ஒரு போடு. கதவு நெளிந்து கிடக்கிறது. சரி, ஆத்திரம், உடைத்துவிட்டான் என்று பார்த்தால், பக்கத்து சீட்டையே காணோம். நாலு போல்ட்டில் மூன்றைக் கழற்றியிருக்கிறாய், நாலாவது வரவில்லை போல, தரைத் தகட்டோடு கிழித்தெடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். புத்தம்புது வண்டி! இருபது நாள் ஆகவில்லை! அந்த ஓட்டை வழியாகக் கீழே ரோடு தெரிகிறது.

உன் அக்காவிடம் காட்டினேன். அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு அழுதாள். பிறகு கடைக்குள் போய், டெலிவரிக்கு வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடியைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினாள். "ரெண்டு பேரும் எக்கேடோ கெட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, அவளே பெருக்கியும் போட்டாள். காலில் நாலு தையல். போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்து சந்தோஷப்படு.

ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை. போலீஸ் உன்னைத் தொட்டால் எனக்கு என்ன மிச்சம்? கம்பியைப் பிரிக்கிற அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பேன். புதிதாகக் கட்டுவதற்கு டாக்டரை இருக்கச் சொல்.

புது சீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. முப்பதாம் தேதி மத்தியானம் வருகிறது. அதுவரை நான் தனியாக ஓட்டுகிறேன். இறக்குகிற இடத்தில் யாரையாவது ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறேன். உன்னால் இந்த வயதில் கெஞ்சுகிறேன்.

மாமா

*

மார்ச் 24

சீட் என் மொட்டைமாடியில் இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நல்ல மெத்தை.

நாலாவது போல்ட்டுக்காக இருபது நிமிஷம் போராடினேன். நீங்கள் வந்திருந்தால் கடப்பாரை உங்கள் தலையில் இறங்கியிருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், வரமாட்டீர்களா என்று காத்திருந்தேன்.

புது சீட் வரட்டும். அதையும் எடுப்பேன். இன்னொன்று வந்தால் அதையும். பூட்டை மாற்றினால் வண்டியைக் கொளுத்துவேன், டீசலுக்குப் பஞ்சமில்லை. என்னை உள்ளே வையுங்கள், வெளியே வந்து மறுபடி எடுப்பேன். என்னைக் கொன்றால்தான் அக்கா அந்த இடத்தில் உட்கார முடியும். அதுவும் உங்களுக்குச் சம்மதம் என்றால் வாருங்கள், ஸ்பானரை மறக்காதீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டாம். ஏப்ரல் பதினோராம் தேதி கம்பியைப் பிரித்த கையோடு, காலை பத்து மணிக்கு நான் கடைக்கே வருகிறேன்.

அக்கா காலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ஏப்ரல் 2

மச்சான்,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். உனக்குத் தாடை கட்டிய அதே மாடி. நர்ஸ் உன்னை ஞாபகம் வைத்திருக்கிறாள். "அவரை அடிச்ச ஆள் நீங்களா?" என்று கேட்டுவிட்டு ஊசியைக் கொஞ்சம் பலமாகவே போட்டாள்.

உன் அக்காவுக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

முப்பதாம் தேதி காலை. மத்தியானம் சீட் வர வேண்டும். உன் அக்கா தையல் போட்ட காலோடு வாசலுக்கு வந்து, "ஒரு பெட்டியக் கவுத்துப் போடுங்க, நான் உக்காந்துக்கறேன், எத்தன பேர்கிட்டதான் கெஞ்சுவீங்க?" என்றாள். பெட்டியை எடுத்து வைத்தும் பார்த்தேன். அந்த ஓட்டைக்கு மேல் பெட்டி நிற்கவில்லை, ஆடியது. நீ கிழித்த ஓட்டை. "மத்தியானம் சீட் வந்துடும், அப்ப வா" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

ஒன்பதடி மூன்று. இரண்டுக்குக் கயிறு. முதலில் இறங்க வேண்டியதற்கு இல்லை.

இரண்டாவது தெரு திரும்பும்போது குறுக்கே ஏதோ ஓடியது. மிதித்தேன். நீ எழுதியிருந்தாயே, பலகையை இழுப்பது மாதிரி ஒரு சத்தம் என்று. அதே சத்தம். கண்ணாடி எனக்குப் பக்கத்தில் வெறும் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து டேஷ்போர்டில் நின்றது. சீட் இருந்திருந்தால் உன் அக்காவின் முதுகு இருந்திருக்கும் உயரம். அது நின்ற ஒரு விநாடியில் அதன் வழியாக அந்தப் பக்கத்துக் கதவுக் கைப்பிடி தெரிந்தது. பிறகு வெடித்தது. கியர் பிடித்த கை முழங்கையிலிருந்து கிழிந்து தொங்கியது. விரல் இரண்டு இல்லை, மற்றவை இனி மடங்காதாம். எழுதுகிற கை தப்பியது.

குறுக்கே வந்தது நாய்கூட இல்லை, மச்சான். காற்றில் பறந்து வந்த ஒரு பிளாஸ்டிக் பை.

இப்போது நான் சொல்லப் போவதை நீ உட்கார்ந்து படி.

ஒட்டகம் செத்த அன்றைக்கும் முதலில் இறங்க வேண்டிய கண்ணாடிக்கு நான் கயிறு கட்டவில்லை. என்றைக்குமே கட்டியதில்லை. அது தெரிந்தவன் ஒட்டகம் ஒருவன்தான். இறக்குகிறவன் அவன்தானே? நாலைந்து தடவை, "அண்ணே, இதுக்கும் ஒரு முடிச்சு போட்டுடுங்க" என்று சொல்லியிருக்கிறான். "உன் வேலையப் பாரு" என்று சொல்லியிருக்கிறேன்.

வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்து விட்டார்கள். ஆய்வுக்கு ஆள் வர ஒரு மணி நேரம் இருந்தது. நீ அப்போது ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உள்ளே ஏறினேன். ஒட்டகத்தின் ரத்தத்தின் மேல் நின்றுதான் ஏறினேன். ஒரு முழக் கயிற்றைக் கத்தியால் அறுத்து, ஒரு முனையை வண்டிக்குள் கண்ணாடி நிறுத்துகிற ஸ்டாண்டின் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டேன். வந்தவர்களிடம் காட்டினேன். "கயிறே அறுந்திருக்கு சார், எவ்ளோ வேகத்துல மிதிச்சிருப்பான் பாருங்க" என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள். அதை நானே கடையில் மாட்டினேன். மாட்டி மாட்டி, தினம் உன்னிடம் காட்டிக் காட்டி, ஒரு கட்டத்தில் நானே அதை நம்பிவிட்டேன். நீ வெள்ளை வண்டி என்று சொன்னபோதுதான் கத்தியால் அறுத்தது ஞாபகம் வந்தது. தடுப்பு வேண்டும் என்றால், கொன்றது பின்னால் இருந்த லோடு, உன் கால் இல்லை என்று ஆகிவிடுமே. அதனால்தான் அந்தப் பேச்சைப் பேசினேன். நீ அறைந்ததும், உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். உன் வாயைத்தான் குறி பார்த்தேன். உன் வாயைத்தான்.

புகாரை வாபஸ் வாங்காதே. இந்தக் கடிதத்தையும் அதோடு சேர்த்துக் கொடு. உன் அக்காவுக்கு நேற்று சொல்லிவிட்டேன். எழுந்து போனாள். இன்னும் வரவில்லை.

*

ஏப்ரல் 12

"மாமா" என்று எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்தேன். பேப்பர் வீணாக வேண்டாம் என்று இதிலேயே எழுதுகிறேன்.

நேற்று கம்பியைப் பிரித்தார்கள். பத்து மணிக்குக் கடைக்கு வருவதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். வந்தேன். அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் கடப்பாரையைக் கொண்டுவந்திருந்தேன். ஆஸ்பத்திரிவரை போனேன். உங்கள் அறைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு தூங்கினீர்கள். அந்தக் கழுத்தை இரண்டு கையாலும் நெரித்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று நின்று யோசித்தேன். நர்ஸ் வந்து, "உள்ள போறீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆறு வாரத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

உங்கள் கடிதத்தை ஒட்டகத்தின் மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாசல்படி ஏறினேன். நின்றபடியே கடைசிவரை படித்தாள். முடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள், தாடை கோணியிருக்கும் பக்கத்தை. அவள் துப்பிய பக்கமும் அதுதான். "உள்ள வாங்க தம்பி" என்றாள். அவளும் நானும் சேர்ந்து போய்க் கடிதத்தை ஸ்டேஷனில் கொடுத்தோம். உங்கள் அறைக்கு இன்று ஆள் வரும்.

நீல வண்டி திரும்பிப் போகிறது. ஓட்டை போட்டதற்காக விற்றவர்கள் கத்துகிறார்கள், கத்தட்டும். வெள்ளை வண்டியை அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தடுப்பை முஷ்டியால் குத்திப் பார்த்தாளாம். ஒன்பதடி வெளிப்பக்கச் சட்டத்தில் போகும். ஏற்றும்போது நான் பின்கதவில் நின்று ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்ப்பேன். நீங்கள் வெளியே வந்தால் கடையில் உங்களுக்கு வேலை இருக்குமா என்பதை அக்காதான் சொல்ல வேண்டும். ஏற்றுகிற வேலை இருக்காது.

அந்தக் கயிறு இப்போது என் மேஜைமேல் கிடக்கிறது. போலீஸ் கேட்டிருக்கிறது, நாளைக்குக் கொடுக்க வேண்டும். இழுவிசையில் அறுந்த கயிறு நூறு பார்த்திருக்கிறேன் நான். முனை பிரிபிரியாக, ஒன்று நீளம் ஒன்று குட்டையாக விரிந்து நிற்கும். இது வாழைத்தண்டை நறுக்கிய மாதிரி நேராக இருக்கிறது. குழந்தை பார்த்தாலும் சொல்லிவிடும். தினம் காலையில் அந்த ஆணிக்குப் பக்கத்து ஆணியிலிருந்துதான் வண்டிச் சாவியை எடுத்தேன். இரண்டு வருஷம் அது என் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. ஒரு நாள்கூட நான் அதன் முனையைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.